மூன்றாவது கொட்டேஷன்

லூசியம்மாளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிடிக்காத பேச்சு காதில் விழுந்தால் மறுத்துப் பேசமாட்டார். "சரிங்க" என்பார். சொல்லிவிட்டு மடியில் இருக்கும் பெரிய கத்திரியை எடுத்து முந்தானையால் துடைப்பார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது. பேச்சு சின்னதாக இருந்தால் ஒரு துடைப்பு. பெரியதாக இருந்தால் இரண்டு அலகையும் விரித்து, திருகாணி வரைக்கும் போவார். பதினோரு வருஷமாக எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊர் அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் மழைக்கும் அந்தக் கத்திரி இன்னும் துருப்பிடிக்காமல் இருக்கிறதென்றால், அந்தப் பெருமை ராஜாங்கம் சாரையே சேரும்.

ராஜாங்கம் சார் எங்கள் முதலாளி இல்லை. முதலாளியம்மாவின் கணவர். முதலாளியம்மா பிரபாவதி அக்கா. பதினாறாம் பிளாக்கில் இருக்கும் அவர்கள் குவார்ட்டர்ஸின் பின்னறைதான் எங்கள் வேலையிடம். சாருக்குச் சுரங்கக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் உத்தியோகம், பெர்மனெண்ட், ஜெனரல் ஷிஃப்ட். ஐந்தரை மணிக்கெல்லாம் வீடு திரும்பி, சட்டையைக்கூட மாற்றாமல் எங்களுக்கு யோசனை சொல்ல வந்துவிடுவார்.

தையல்கடைகளில் மிஞ்சும் துண்டுத் துணிகளை வாங்கி, அளவாக வெட்டி, சேர்த்துத் தைத்து, நடுவில் பஞ்சு விரித்துப் போர்வை செய்வது எங்கள் தொழில். மந்தாரக்குப்பத்தில் எங்கள் தெருவில் அதற்கு ஒட்டுப்போர்வை என்று பெயர். சும்மா கொடுத்தாலும் வாங்க யோசிப்பார்கள். பாண்டிச்சேரிக்குப் போய் இறங்கியதும் அதற்குக் குயில்ட் என்று பெயர் வந்துவிடும். அங்கே அதைத் தடவிப் பார்த்து, எளிமையாக இருக்கிறது என்று சொல்லி, எளிமையில்லாத விலைக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். வெட்டுவது லூசியம்மாள். தைப்பது நான். ஆர்டர் பிடிப்பதும், ஃபோனில் எங்கள் இருவரையும் "என் டீம்" என்று சொல்வதும் பிரபாவதி அக்கா.

லூசியம்மாள் நெல்லிக்குப்பத்துக்காரர். கல்யாணத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஐந்து வருஷம் துணி வெட்டினார். சட்டைக் கைகளை மட்டும்தான் வெட்டவிட்டார்களாம். "ஒடம்பு யார் வெட்னாங்கன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது" என்பார். கட்டிக்கொண்டது சவரிராஜ் அண்ணனை. அண்ணன் மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. இருபத்திரண்டு வருஷமாக அடுத்த வருஷம் பெர்மனெண்ட் ஆகப்போகிறவர். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் அவருக்குப் புதிதாக ஒரு அடையாள அட்டை கிடைக்கும். எட்டு அட்டைகளை லூசியம்மாள் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு பைபிளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். மகள் ஜெனிஷா கடலூரில் நர்ஸிங் மூன்றாம் வருஷம். அண்ணனுடைய அட்டை பழையதாகி, புதியது வருவதற்குள் போகும் மாதங்களில், அந்த வீட்டில் அடுப்பு எரிவதும் ஜெனிஷா ஹாஸ்டலில் இருப்பதும் லூசியம்மாளின் கத்திரியால்தான்.

போன ஆண்டு கார்த்திகையில் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஒரு விடுதிக்கு நாற்பது குயில்ட். துண்டுத் துணி வேண்டாம், புதுக் காட்டன். எல்லாமே ஆறங்குலச் சதுரம், இரண்டே நிறம். ஒன்றைப்போல இன்னொன்று இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எளிமை அலுத்துப்போயிருக்கும்.

அந்த வாரம் பெங்களூரில் இருக்கும் மகன் பிரபாவதி அக்காவுக்கு ஒரு வீடியோ அனுப்பினான். வெள்ளைக்கார அம்மா ஒருத்தி, சதுர வடிவில் கத்தி பதித்த ஒரு பலகை மேல் துணியை ஆறு அடுக்காக வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் பாயைப் போட்டு, இரண்டு உருளைகளுக்கு நடுவே தள்ளிக் கைப்பிடியைச் சுற்றினாள். அந்தப் பக்கம் சதுரம் சதுரமாக வந்து விழுந்தது. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். வேர்க்கவில்லை.

"கரும்பு ஜூஸ் மெஷினாட்டம் இருக்கு" என்றார் லூசியம்மாள்.

"இது ஃபேப்ரிக் கட்டிங் மெஷின், லூசி. இது வந்துட்டா உனக்குக் கஷ்டமே இல்ல. நீ கத்திரியைத் தொடவே வேணாம்."

அக்கா இதை நல்ல மனதோடுதான் சொன்னார். சொன்னதன் மீதி அர்த்தம் அவருக்கு அப்போது தோன்றவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது.

"சரிங்க" என்றார் லூசியம்மாள். அன்றைக்குத் துடைப்பு திருகாணி வரை போனது.

வேறு வீடாக இருந்தால் வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு ராத்திரி பேசி முடித்திருப்பார்கள். இது ஸ்டோர்ஸ்காரர் வீடு. ராஜாங்கம் சார் மறுநாள் மாலை ஒரு ஃபைலோடு வந்தார். மேலே "துணி வெட்டும் இயந்திரம் – கொள்முதல்" என்று எழுதியிருந்தது.

"மூணு கொட்டேஷன் வேணும். என் சர்வீஸ்ல மூணு கொட்டேஷன் இல்லாம ஒரு தொடப்பம்கூட வாங்கினதில்ல."

"அதனாலதான் வீட்ல தொடப்பம் இல்ல" என்றார் அக்கா.

சென்னையில் ஒரு கடை, கோயம்புத்தூரில் ஒரு கடை, இரண்டு கொட்டேஷன் வந்துவிட்டன. மூன்றாவதாக விற்பவன் யாரும் அகப்படவில்லை. சார் இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தார். இரண்டை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஆடிட்டில் கேட்பார்களாம். பின்னறைத் தையல் வேலைக்கு ஆடிட் செய்ய யார் வரப்போகிறார்கள் என்று அக்கா கேட்டதற்கு, "கேக்கறதுக்கு ஆள் இல்லன்னா ரூல் இல்லாம போயிடுமா?" என்றார். மூன்றாம் நாள் முகம் தெளிந்து பின்னறைக்கு வந்தார்.

"லூசி, நீயும் வெட்றவதானே? மூணாவது கொட்டேஷன் நீ குடு."

"நானுங்களா? நான் என்னா மெஷினா சார்?"

"அதே வேலைக்கு ஒரு ஆஃபர். அவ்வளவுதான். கவர்ல போட்டு ஒட்டிக் குடுக்கணும். ஒட்டாம குடுத்தா செல்லாது."

தன்னை வெளியே அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் ஃபைலில் தானே ஒரு தாளைச் சேர்க்கவேண்டும் என்று ஒருவரைக் கேட்பதில் சாருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. முறைப்படி கேட்கிறாரே, அது போதாதா?

பிறகு அவரே ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, இரண்டு கடைகளின் நிபந்தனைகளையும் தமிழில் எழுதி, பின்னறை பீரோவில் ஒட்டினார். நிறுவும் இடம்: ஆடாத மேசை, நல்ல வெளிச்சம். சுமை: ஆறு அடுக்குக்கு மேல் கூடாது. இயக்குபவர்: பழகிய ஒருவர் மட்டும். உத்தரவாதம்: ஒரு வருடம், பிறகு புதுப்பிக்கத்தக்கது. மூன்றாவது கட்டத்தின் தலையில் "திருமதி லூசியம்மாள்" என்று எழுதி, கீழே எல்லாவற்றையும் காலியாக விட்டிருந்தார். லூசியம்மாள் தரையில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டே அவ்வப்போது அந்தக் காலிக் கட்டத்தை அண்ணாந்து பார்ப்பார்.

கட்டம் நிரம்புவதற்குள் மெஷின் வந்துவிட்டது. சென்னைக் கடைக்காரன் பத்து நாள் வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டான். சாருக்கு இது முறைகேடு. ஆனால் பெட்டியைப் பிரிக்கும்போது முன்னால் நின்றவர் அவர்தான். சாப்பாட்டு மேசையைப் பின்னறைக்குக் கொண்டுவந்து அதன் மேல் மெஷினை வைத்தார்கள். பதினோரு வருஷமாக முதுகு வலிக்கிறது என்று லூசியம்மாள் சொல்லிக்கொண்டிருந்த அறையில் அப்போதுதான் முதல் மேசை நுழைந்தது. மெஷினுக்கு முதுகு கிடையாது.

முதல் ஓட்டத்தை சாரே நடத்தினார். துணி வீணாகாமல் எப்படி விரிப்பது என்று தனித் தாளில் கணக்குப் போட்டு, அந்தக் கணக்குப்படி மடித்து, உருளையில் விட்டுச் சுற்றினார். ஆறு சதுரம் விழுந்தது. கையில் எடுத்து அடுக்கிப் பார்த்தால் சதுரம் சதுரமாக இல்லை. ஒரு பக்கம் ஆறங்குலம், மறுபக்கம் ஆறுக்குக் கால் குறைவு. இன்னொரு தரம் சுற்றினார். அப்படியேதான் வந்தது. பிரபாவதி அக்கா சுற்றினார். எதிர் குவார்ட்டர்ஸில் இருக்கும் சிங்காரவேலு, மெக்கானிக்கல்காரர், வரவழைக்கப்பட்டார். உருளையை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "ரோலர் கேப்ல பிரச்சன இருக்கு" என்றார். எட்டுத் திருகாணிகளைக் கழற்றினார், திரும்ப மாட்டினார், ஒன்று மிஞ்சியது. அதைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

சார் சென்னைக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினார். மூன்று பக்கம், பின்னிணைப்போடு.

இவ்வளவு நடக்கும்போதும் லூசியம்மாள் கீழே தன் இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, கையால் வெட்டிக்கொண்டிருந்தார். வீணான சதுரம் ஒன்று பறந்து அவர் பக்கத்தில் விழுந்தது. எடுத்தார். இரண்டு விரலால் நீளத்தில் ஒரு இழுப்பு, அகலத்தில் ஒரு இழுப்பு. கீழே போட்டார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் நிமிர்ந்து, நான் பார்த்துவிட்டேனா என்று பார்த்தார். நான் பார்த்துவிட்டேன்.

அன்று மாலை லூசியம்மாளோடு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது கேட்டேன். நான் எட்டாவதோடு நின்றவள், அதிகம் பேசுகிறவளும் இல்லை. இதைக் கேட்கவே பாதி வழி ஆயிற்று.

"அக்கா, துணிய வாட்டம் மாத்திப் போடறாங்க இல்ல?"

"கண்டுகினியா?"

"ம்."

"வேட்டிய நீளத்துல இழு, குடுக்காது. அகலத்துல இழு, குடுக்கும். அந்த ஆளு மிச்சம் புடிக்கறேன்னு அகலவாட்டத்த உருளைக்குள்ள வுடறாரு. அது துணிய இழுத்துகினு வெட்டுது. வெளிய வந்ததும் துணி சுருங்கிக்குது. திருப்பிப் போட்டா சரியாப்பூடும்."

"சொல்லலையா?"

"ஏன் சொல்லணும்? அது ஒழுங்கா வெட்டிச்சின்னா ஜெனிஷா வூட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான். பத்து நாள் கழிச்சி கடக்காரன் வந்து தூக்கிகினு போகட்டும். நீ எப்பவும் பேசமாட்டியே, அப்படியே இரு."

அப்படியே இருந்தேன். பேசுவது எனக்கு வராத வேலை, அதை யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

ஆனால் ஆர்டர் காத்திருக்கவில்லை. நாற்பது குயில்ட் என்றால் சதுரங்கள் ஆயிரக்கணக்கில். மெஷின் மேசை மேல் உட்கார்ந்து விசாரணைக்கு உட்பட்டிருந்த நாட்களில் அத்தனையையும் லூசியம்மாள்தான் வெட்டினார். புதுக் காட்டன் கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. அவருடைய வலது கட்டைவிரல் அடியில் கத்திரி வளையம் அழுத்தி அழுத்தி ஒரு கட்டி உண்டு. ஆறாம் நாள் அது சிவந்தது. ஏழாம் நாள் துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினார். எட்டாம் நாள், அக்கா அறையில் இல்லாதபோது கத்திரியை இடது கைக்கு மாற்றினார். இடது கையில் வெட்டிய சதுரங்களை என் பக்கம் தள்ளும்போது, கோணலைத் தைத்துச் சரிக்கட்டு என்பதுபோல ஒரு பார்வை. சரிக்கட்டினேன்.

அன்று பஸ் ஸ்டாப்பில் கட்டைவிரலை ஊதிக்கொண்டே, "இது போயிடுச்சின்னா மீதி இருவது போர்வைக்கும் நான்தான் வெட்டணும்" என்றார்.

"ஆமாக்கா."

"இருந்துச்சின்னா நான் போவணும்."

"ஆமா."

ஒரு கம்பெனி பஸ் ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. எங்களுக்கு அது நிற்காது.

"அந்தக் கட்டத்துல என்னான்னா எழுதியிருக்குன்னு எனக்கு நாளைக்கிப் படிச்சிக் காட்டு" என்றார் எழுதப் படிக்கத் தெரியாத லூசியம்மாள். "எல்லாத்தையும். ஒண்ணு வுடாம."

மறுநாள் அக்கா குளிக்கப் போனபோது படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். ஆறு அடுக்கு என்ற இடத்தில் மட்டும் திறந்தார். அவரைப் பன்னிரண்டு அடுக்கு வெட்டச் சொன்ன வீடு அது. அப்புறம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "எழுது" என்றார். சவரிராஜ் அண்ணனுடைய எட்டு கான்ட்ராக்ட்டையும் பார்த்தவருக்கு எதை எங்கே எழுதவேண்டும் என்று நன்றாகவே தெரிந்திருந்தது. என் எழுத்து அழகாக இருக்காது. கவரை மட்டும் நன்றாக ஒட்டினேன்.

பத்தாம் நாள் சனிக்கிழமை. நாலு மணிக்கு மெஷினை எடுக்கக் கூரியர்காரன் வருவான் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்குக் கவர் பிரிக்கும் சடங்கு நடந்தது. சார் அதற்காகவே அரைநாள் லீவு போட்டு, கண்ணாடியைத் துடைத்து, கவர் ஒட்டியிருக்கிறதா என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். எல்லோரும் என்றால் அக்கா, லூசியம்மாள், நான். கிழித்து உரக்கப் படித்தார்.

"நிறுவும் இடம்: ஆடாத மேசை. நாற்காலி ஒன்று. நல்ல வெளிச்சம். சுமை: ஆறு அடுக்குக்கு மேல் கூடாது. வேலை: மெஷினைச் சரியாக வெட்ட வைத்துத் தருவது, பிறகு அதை இயக்குவது. மெஷின் வெட்டாத துண்டுத் துணியைக் கையால் வெட்டுவது. இயக்குபவர்: பழகிய ஒருவர் மட்டும். அவர் லூசியம்மாள். கூலி: இப்போது உள்ளது. உத்தரவாதம்: ஒரு வருடம் வேலையை விட்டு நிறுத்துவதில்லை. பிறகு இரண்டு பேரும் பேசிப் புதுப்பிப்பது."

படித்து முடித்துத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"இது கொட்டேஷன் இல்ல. டிமாண்ட்."

"மெஷினுக்கு எழுதியிருந்தத பாத்துதாங்க எழுதச் சொன்னேன். அது கேட்டா கண்டிஷன், நான் கேட்டா டிமாண்டுங்களா சார்?"

சார் பீரோவில் ஒட்டிய தாளைப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான்.

பிரபாவதி அக்கா வேறொரு வரியில் நின்றுவிட்டிருந்தார். "சரியா வெட்ட வைக்கிறேன்னு போட்டிருக்கே. என்ன கோளாறுன்னு உனக்குத் தெரியுமா லூசி?"

"தெரியுங்க."

"எப்போலேருந்து?"

"மொதல் நாள்லேருந்துங்க."

"அடிப்பாவி! பத்து நாளா ரெண்டு மீட்டர் ரெண்டு மீட்டரா துணிய நாசம் பண்றோம், பாத்துகிட்டா உக்காந்திருந்தே?"

"என்ன யாரும் கேக்கலீங்களே அக்கா. எதிர்வூட்டு சாரத்தானே கேட்டீங்க."

அக்காவுக்குக் கோபம் வந்தது. முகம் சிவந்து, சமையலறை வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். உன்னை இப்போதே அனுப்பிவிட்டு நானே கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். லூசியம்மாளும் அதையேதான் நினைத்திருக்கவேண்டும். கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்ப்பதும் சுற்றுவதுமாக இருந்தார். அக்கா அந்த விரலை அப்போதுதான் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால்.

"பேனா குடுங்க" என்றார் கணவரிடம்.

"கமிட்டி இன்னும் ஆலோசனை பண்ணல."

"நான்தான் கமிட்டி. குடுங்க."

கையெழுத்துப் போட்டார். லூசியம்மாள் அதை வாங்கி, படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டி, கையெழுத்து இருக்கிறது என்று நான் தலையாட்டிய பிறகுதான் எழுந்தார். மேசை அருகே போய்த் துணியை எடுத்து ஓரக்கரையைத் தடவி, சார் வைத்திருந்த வாட்டத்துக்குக் குறுக்காகத் திருப்பி மடித்து, ஆறு அடுக்கு வைத்தார். சுற்றினார். எடுத்து அடுக்கினார். நாலு பக்கமும் ஆறு.

வாசலில் கூரியர்காரன் மணியடித்தான். அக்கா போய், வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

ராஜாங்கம் சார் ஒரு சதுரத்தை ஸ்கேல் வைத்து அளந்தார். இன்னொன்றை அளந்தார். பிறகு ஃபைலைத் திறந்து, "புதிய இயந்திரங்களுக்கு இயல்பான பழகு காலம் பத்து நாட்கள் பிடித்தது" என்று எழுதி மூடினார். சிங்காரவேலு அன்று மாலை வந்து, தான் திருகாணியைக் கழற்றி மாட்டியதுதான் ஒருவழியாக வேலை செய்திருக்கிறது என்று சொன்னார். லூசியம்மாள் அவருக்கும் "சரிங்க" சொன்னார்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. நாற்பது குயில்ட்டும் ஒரு வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. அடுத்து இருபத்தைந்துக்கு ஆர்டர் வந்திருக்கிறது. லூசியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து காலையில் மெஷின் சுற்றுகிறார், மதியத்துக்கு மேல் துண்டுத் துணியைக் கையால் வெட்டுகிறார். கட்டைவிரல் கட்டி வற்றியிருக்கிறது, போகவில்லை. ஜெனிஷா நாலாம் வருஷம். ராஜாங்கம் சாருக்கு வரும் மார்ச்சில் ரிடையர்மென்ட். அப்போது குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும், மெஷின் எந்த ஊருக்குப் போகும் என்று அக்கா இன்னும் சொல்லவில்லை. தாளில் எழுதிய ஒரு வருஷம் முடிய நாலு மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் லூசியம்மாளுக்கு வேலை இருக்கிறது.